இல்லாத பெட்டியின் முகவரி

கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

உச்சி வெயில் நேரத்தில் என்ன பல் தேய்ப்பு என்று கேட்கக்கூடாது. அவர் பேக்கரியில் ராத்திரி வேலை பார்ப்பவர். ஊருக்கு மத்தியானம் என்றால் அவருக்கு அப்போதுதான் விடியும். வாயில் பிரஷும் நுரையுமாக, "யாருய்யா அது?" என்று கூடத்துக்கு வந்தவரை, வந்தவன் பதில் சொல்லாமல் இரும்பு ராடால் அடித்தான். லாரிக்கு ஜாக்கி ஏற்றுகிற ராடு. அத்தான் தலையைக் காக்க இடது கையைத் தூக்கினார். தலை தப்பியது. கை முறிந்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

"எங்கே அவ?"

கூடத்தின் ஓரத்தில் தையல் மிஷின். அதற்குப் பக்கத்தில் அக்கா, தைத்து முடித்த சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கை சுண்டு உட்கார்ந்திருந்தாள். சுண்டு என்பது வீட்டுப் பெயர். சுண்டுவிரல் அளவுக்குப் பிறந்தவள் என்று வைத்தது, கல்யாண வயது வந்தும் ஒட்டிக்கொண்டே இருந்தது.

இருவரும் கத்தவில்லை. கத்துவதற்குக் கூட ஒரு மூச்சு வேண்டுமே.

வந்தவன் அவர்களைத் தாண்டிப் படுக்கையறைக்குள் போனான். அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. மெத்தை புரண்டது. குளியலறைக் கதவை உதைத்தான். வாளி உருண்டது. திரும்பி வரும்போது அவன் நெற்றியில் கண்ணாடிச் சில்லு கீறி ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை அவனுக்கு.

"என் பொண்டாட்டி எங்கே? மரியாதையா சொல்லிடுங்க."

அக்காவுக்கு வாய் எப்போதும் மூளையைவிட ஒரு அடி முன்னால் போகும். "உன் பொண்டாட்டியை எங்க வீட்டு அலமாரியில தேடுறியே, உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

அறைந்தான். அக்கா சுவரில் மோதி, இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு கிழிந்திருந்தது.

"இங்கதான் இருக்கான்னு கம்ப்யூட்டரே சொல்லுது. பொய்யா சொல்லும்?" பையிலிருந்து செல்போனை எடுத்து சுண்டுவின் முகத்துக்கு நேரே நீட்டினான். ஒரு கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்திருந்தான். மூலையில் ரத்தம் தெறித்திருந்தது. நடுவில் ஒரு பெண்ணின் பெயர். அதற்குக் கீழே, "தங்கியிருக்கும் வீடு" என்ற தலைப்பில், இந்த வீட்டு முகவரி. பச்சைக் கதவு என்ற அடையாளம் உட்பட.

சுண்டு பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். அந்தத் திரை அவள் செய்தது.

அடிக்கும் புருஷனிடமிருந்து ஓடிவரும் பெண்களை ஒளித்து வைக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. ஊர் முழுக்க, பெயர்ப்பலகை இல்லாத வீடுகளில் அவர்களைத் தங்கவைக்கும். அந்தக் காப்பகத்துக்கு புரோகிராம் எழுதித் தருவது சுண்டுதான். அவள் எழுதும் மொழியில் எல்லாமே ஃபங்ஷன்; ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும் சின்னக் கட்டளை. விவரங்கள் எல்லாம் பெட்டிக்குள் பெட்டி. ஆட்கள் என்ற பெட்டிக்குள் ஆள், ஆளுக்குள் அவள் தங்கும் வீடு, அறை, அவளுடைய குழந்தைகள், பழைய பெயர், புதுப்பெயர். எது வேண்டுமோ அதற்கு வழி சொல்லவேண்டும்: இதைத் திற, அதற்குள் இதைத் திற, அதற்குள் இருப்பதைக் கொடு. வழியில் ஏதாவது ஒரு பெட்டி இல்லை என்றால் அந்த மொழி கூச்சல் போடாது. நல்ல பிள்ளை மாதிரி "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு நிற்கும்.

ஒண்ணுமில்லை என்று சொல்வதற்குப் பதிலாக வேறு எதையாவது காட்டு என்றும் எழுதிவைக்கலாம். முதன்முதலில் காப்பக நிர்வாகியிடம் திரையைக் காட்டப் போனபோது, பெயர் கிடைக்காத இடம் வெறுமையாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று, கைக்கு வந்த ஒரு முகவரியை அங்கே போட்டாள். கைக்கு வந்தது சொந்த வீட்டு முகவரி. அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இந்தத் தொழிலில் அப்புறம் என்று சொன்ன எதையும் யாரும் எடுத்ததில்லை. காப்பகத்திலும் இல்லாத ஆளை யாரும் தேடியதில்லை. அதனால் அந்த முகவரி அங்கேயே இருட்டில் காத்துக்கொண்டிருந்தது.

இன்று காலை இவன் தேடியிருக்கிறான்.

"முன்மேஜை அண்ணனை என்ன செஞ்சே?" என்று கேட்டாள். காப்பக அலுவலகத்தில் முதலில் உட்கார்ந்திருப்பவர்.

"கிழவனையா? மூஞ்சியை மேஜையில ரெண்டு தட்டு தட்டினேன், டைப் அடிச்சுக் கொடுத்தான். பாத்ரூம்ல பூட்டி வச்சிருக்கேன். இப்போ நீ சொல்லு." ராடு அத்தானின் தலைக்கு மேலே போனது. "எங்கே அவ?"

அத்தான் தரையில் சுருண்டு கிடந்தார். பற்பசை நுரையில் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக வழிந்தது.

"வேண்டாம்! அது தப்பு. அந்த அட்ரஸ் தப்பு. நான்தான் அதைப் போட்டேன். பேர் கிடைக்காட்டி அது வரும். உங்க மனைவி இங்க வந்ததே இல்ல!"

அவசரத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, எதைச் சொல்லிவிட்டோம் என்று.

வந்தவன் ராடைத் தாழ்த்தினான். அவளையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தான். சிரித்தான். கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை.

"அப்போ இதையெல்லாம் எழுதினவளே நீதானா? நல்லதாப் போச்சு. நான் தப்பான வீட்டுக்கு வரலையே! உக்காரு. சரியானதை எடு."

அவனுடைய மனைவியை சுண்டு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். காப்பகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வலதுகை விரல்கள் மடங்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது. அதனால் ரிப்பனின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். மகள் "வலிக்குதும்மா" என்றதும், ரிப்பனை விடாமலே, மூக்கால் சிரித்தாள்.

"எனக்கு அதைத் திறக்க அதிகாரம் இல்ல," என்றாள் சுண்டு.

அவன் அவளை அடிக்கவில்லை. அத்தானின் முறிந்த கையின்மேல் பூட்ஸ் காலை வைத்து, சிகரெட்டை அணைப்பது போல மெதுவாகத் திருப்பினான். அத்தான் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை.

"சுண்டு..." என்றாள் அக்கா.

சுண்டு உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தாள்.

"ஏமாத்தலாம்னு பாக்காதே. எனக்கு இங்கிலீஷ் எழுத்து படிக்கத் தெரியும். இவ்வளவு பெரிய லாரிக்கு ஜி.பி.எஸ். பாத்து ஓட்டுறவன் நான். ஒவ்வொண்ணா என் கண்ணு முன்னாடி திற. அடிக்கிறதை வாய்விட்டுப் படி. அந்த இல்லாட்டி-காட்டு வேலையை மறுபடி செஞ்சே, அவளுக்குச் செஞ்ச மாதிரி உனக்கும் விரல் ஒவ்வொண்ணா ஒடியும்."

அவளுக்கு வேறொரு யோசனை இருந்தது. அந்த மொழியில் எதையும் மாற்றினால் பழசு அழியாது; மாற்றிய பிரதி ஒன்று தனியாக வரும். பொய் முகவரி போட்ட பிரதி ஒன்றைச் செய்து அதைத் திறந்து காட்டியிருக்கலாம். ஆனால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டான். பொய் முகவரியை அடித்துக்கொண்டே அதை எப்படி உரக்கப் படிப்பது?

மேல்மட்டப் பெட்டியைத் திறந்தாள். ஆட்கள், வீடுகள், சாமான்கள் என்று வந்தது.

"ஆட்கள்," என்றான். "என் பேரைப் போடு."

"உங்க பேரையா?"

"என் பொண்டாட்டிதானே? என் பேருக்குள்ளதானே இருப்பா?"

போட்டாள். உரக்கப் படித்தாள். ஒண்ணுமில்லை என்று வந்தது.

ராடு இறங்கியது. மேஜையின் விளிம்பு தெறித்து, சுண்டுவின் கன்னத்தில் மரச்சிம்பு குத்தியது. அவளுடைய கைக்கும் ராடுக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி.

"என்னடி ஒண்ணுமில்லை?"

"அதுல புருஷன் பேருன்னு பெட்டியே கிடையாது!" அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "யாரும் அங்க யாரோட பேருக்குள்ளயும் இல்ல. அவங்கவங்க தனித்தனிப் பெட்டி. வர்ற அன்னைக்கே புதுப்பேரு வச்சிடுவாங்க."

"அப்போ அவ பழைய பேரு?"

"உள்ளே எங்கயோ இருக்கும். அடியில."

"எல்லாத்தையும் திற. எங்க அந்தப் பேரு இருக்கோ, அங்க நில்லு."

இனி தப்பிக்க வழியில்லை. தேடுகிற ஃபங்ஷனை ஒழுங்காக எழுதினால், ஒரே வரியில் பதில் வந்து நிற்கும். வீடு, அறை, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம்.

சுண்டு அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "ஒவ்வொரு பெட்டியையும் திற. உள்ளே பெட்டி இருந்தா அதையும் திற. அதுக்குள்ள இருந்தா அதையும். திறந்ததைக் காட்டு."

"ம். இப்போதான் வழிக்கு வந்தே. போடு."

கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பொருந்தியதை மட்டும் காட்டு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்தில் செய்கிற தப்பு அது. எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிட்டு, நிறுத்தத் தெரியாமல் முழிப்பார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். சுண்டு வேண்டுமென்றே அந்தத் தப்பைச் செய்தாள்.

திரை பொங்கியது. பெயர்கள், அறைகள், போர்வைகள், மருந்துகள், குழந்தைகளின் செருப்பு அளவுகள், அடைப்புக்குறிகள், மறுபடி பெயர்கள். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் மேலே ஓடியது.

"என்ன இது? நிறுத்து! மெதுவா போகச் சொல்லு!"

"முடியாதுங்க. முடியற வரைக்கும் ஓடும். உங்களுக்குத் தெரிஞ்ச பேரு வருதான்னு நீங்களே பாருங்க."

அவன் குனிந்தான். கண்கள் வரிகளைத் துரத்தித் துரத்தித் தோற்றன. இப்படியே கொஞ்ச நேரம் போனால் போதும், அக்கம்பக்கத்தில் யாராவது உடைந்த கதவைப் பார்ப்பார்கள் என்று சுண்டு நினைத்தாள்.

லாரிக்காரன் நிமிர்ந்தான். ராடை அக்குளில் இடுக்கிக்கொண்டான். செல்போனை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்து, வீடியோ எடுக்க ஆரம்பித்தான்.

"ஓடட்டும். அவசரமில்ல. லாரியில உக்காந்து மெதுவா நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கறேன்."

மனிதனின் கண்ணால் படிக்க முடியாது என்று கணக்குப் போட்ட சுண்டு, கண்ணை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தாள். இப்போது ஒருத்தி இல்லை. காப்பகத்தில் இருக்கும் அத்தனை பேரும், பழைய பெயர், புதுப்பெயர், வீடு, அறை, பிள்ளைகள் எல்லாவற்றோடும் அந்த போனுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். இவனைப் போல எத்தனை புருஷன்கள் வெளியே இருக்கிறார்கள்? இவன் அவர்களுக்கு விற்கமாட்டான் என்று என்ன நிச்சயம்?

"அக்கா!" என்று கத்தினாள்.

அவள் கூப்பிடும்வரை அக்கா காத்திருக்கவில்லை. அவன் இரண்டு கையும் போனில் இருந்ததை அவளும் பார்த்துவிட்டாள். சூடேறிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, ஒயர் பிளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வர, அவன் பிடரியில் வைத்து அழுத்தினாள். சட்டையின் காலரை மடிப்புக் குலையாமல் தேய்ப்பவள் எப்படி அழுத்துவாளோ அப்படி.

தோல் பொசுங்கும் நாற்றம் எழுந்தது. அவன் அலறித் திரும்பி முழங்கையை வீசினான். அக்காவின் மூக்கு உடைந்தது. இஸ்திரிப் பெட்டி தரையில் விழுந்தது. ராடும் விழுந்தது.

சுண்டு ராடை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனம். ஓங்கி, போன் பிடித்திருந்த கையில் அடித்தாள். போன் எகிறி விழுந்தது. அதன் பின்னாலேயே பாய்ந்து, மண்டியிட்டு, போனை அடித்தாள். கண்ணாடி சிதறியது. மறுபடி அடித்தாள். மறுபடியும்.

"அவனை அடிடி!" என்று கத்தினாள் அக்கா, மூக்கைப் பொத்திக்கொண்டு. "அவனை விட்டுட்டு போனை ஏன்டி அடிக்கிறே!"

அவன் சுண்டுவின் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, நெற்றியை மேஜைக் காலில் மோதினான். கண்ணுக்குள் மின்னல். ராடு கையிலிருந்து நழுவியது. அவன் அவளை விட்டுவிட்டு போனுக்குக் கை நீட்டினான். திரை நொறுங்கிய பிறகும் அது ஓரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. சுண்டு அதன்மேல் குப்புற விழுந்தாள். வயிற்றில் உதைத்தான். அவள் நகரவில்லை. விலாவில் உதைத்தான். போனின் சில்லுகள் சட்டையைக் கிழித்து அவள் தோலில் ஏறின. நகரவில்லை.

மூன்றாவது உதைக்குத் தூக்கிய கால் தரைக்கு வரவில்லை. அத்தான் நல்ல கையால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கெண்டைக்காலில் பல்லை இறக்கிவிட்டார். சற்றுமுன் தேய்த்த பல். லாரிக்காரன் தடுமாறி நீளமாகச் சாய்ந்தான். ராடைத் தேடி அவன் வலதுகை தரையில் துழாவியது. விரல்கள் ராடைத் தொட்டன.

அக்கா தையல் மிஷினின் தலைப்பாகத்தை அப்படியே பெயர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேருக்குச் சோறு போட்ட இரும்பு. தலைக்கு மேலே தூக்க முடியாத கனம். இடுப்பு வரைதான் தூக்கினாள். அது போதும். அந்தக் கையின்மேல் போட்டாள்.

அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை. அழுதான். "அம்மா, அம்மா" என்று அழுதான். அக்கா ராடை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் அவன் சட்டையில் சொட்டியது. "அசைஞ்சேன்னா மண்டையைப் பிளந்துடுவேன்," என்றாள். சட்டைக்கு அளவு சொல்வது போலத்தான் சொன்னாள்.

சுண்டு தவழ்ந்து போய் சமையலறையிலிருந்து அம்மிக்குழவியை உருட்டிக்கொண்டு வந்து, போனில் மிச்சமிருந்ததை மாவாக்கினாள். அதன் பிறகுதான் வாந்தி எடுத்தாள்.

போலீஸ் வந்தபோது, முன்னால் ஓடிவந்தவர் காப்பகத்து முன்மேஜை அண்ணன். நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தார். காப்பகத்துக் குளியலறை ஜன்னலை உடைத்துக் குதித்து, நேரே போலீஸுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். "திரையில இந்த அட்ரஸைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சும்மா. அக்காகிட்ட சட்டை தைக்கக் கொடுக்க வந்த வீடாச்சே! அவன் என்னை உள்ள தள்ளிப் பூட்டிட்டான், நான் என்ன செய்ய..." என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

மேஜையில் லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஆர்வமாகக் குனிந்தார். "இது என்ன, பேரா வருது?"

சுண்டு எழுந்து மூடினாள். "நீங்களும் பாக்கக் கூடாது சார்."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த அம்மிக்குழவியைப் பார்த்தார். "சரிம்மா," என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அத்தானின் கையில் ஆணி வைத்துக் கட்டியிருந்தார்கள். அக்காவின் மூக்கில் பஞ்சு. சுண்டுவின் விலாவில் பட்டை. அவள் மடியில் லேப்டாப்.

"அவன் போன்ல எடுத்தது எங்கயாவது போய்ச் சேர்ந்திருக்குமா?" என்று கேட்டார் அத்தான்.

"இல்ல அத்தான். வீடியோ முடிஞ்சு சேமிக்கிறதுக்குள்ள உடைச்சுட்டேன். அப்படியும் காப்பகத்துல எல்லாரையும் வேற வீடுகளுக்கு மாத்துறாங்க. ராவோட ராவா ஆரம்பிச்சுட்டாங்க."

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைகளை, மூட்டை கட்டும் பெண்களை சுண்டு நினைத்தாள். அது அவள் கணக்கில்தான் வரும். யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை என்பது இன்னும் கனமாக இருந்தது.

"ஏண்டி," என்றாள் அக்கா, பஞ்சு அடைத்த குரலில். "நம்ம வீட்டு அட்ரஸை எடுத்துட்டியா?"

"இப்போதான் எடுத்தேன்."

"அதுக்குப் பதிலா என்ன போட்டே?"

"எதுவும் போடல."

"இதை முதல்லயே செஞ்சு தொலைச்சிருந்தா என் மூக்கு இருந்த இடத்துல இருந்திருக்கும். உங்க அத்தானை விடு, அவருக்கு லீவு கிடைச்சுடுச்சு."

அத்தான் சிரிக்கப் போய், வலியில் பல்லைக் கடித்தார்.

சுண்டு காப்பகத்துக்கு போன் போட்டாள். முன்மேஜை அண்ணன்தான் எடுத்தார். லீவு எடுக்கச் சொன்னால் கேட்கமாட்டார். "அண்ணே, ஒரு உதவி. அந்தப் பொண்ணோட பழைய பேரைப் போட்டு ஒரு தடவை தேடிப் பாருங்க."

மறுமுனையில் ஒற்றை விரலால் அடிக்கும் சத்தம். ஒரு தடவை தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தார்.

"ஒண்ணுமில்லைன்னு வருதும்மா," என்றார். "சரிதானா?"

"சரிதான் அண்ணே," என்றாள் சுண்டு. "இன்னொரு தடவை தேடிப் பாருங்க."